நெல்லைக்கு மால் கேட்கிறவர்களைக் கேலி செய்யாதீர்கள்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும், திருவனந்தபுரம் லூலு மால் பார்க்கிங்கில் டிஎன் 72, டிஎன் 74, டிஎன் 76 என்று நம் பக்கத்து வண்டிகளாகக் கண்ணில் படும். நெல்லையிலிருந்து நாகர்கோவில் வழியாக சுமார் 150 கிலோமீட்டர். விடியக்காலையில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு கிளம்பி, பகல் முழுக்க அங்கே சுற்றிவிட்டு, ராத்திரி வள்ளியூர்ப் பக்கம் பரோட்டா சாப்பிட்டு வீடு வந்து சேர்கிற குடும்பங்கள் என் தெருவிலேயே இருக்கின்றன. பெரிதாக ஒன்றும் வாங்கியிருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஒரு சட்டை, ஹைப்பர் மார்க்கெட்டில் கொஞ்சம் பிஸ்கட், அவ்வளவுதான்.

அப்புறம் அவர்கள் ஃபோட்டோ போட்டு "நம்ம ஊருக்கும் இப்படி ஒண்ணு வராதா?" என்று எழுதினால் கேலி ஆரம்பித்துவிடும். டவுனில் இல்லாத கடையா, வேடிக்கை பார்க்கக் கேரளாவுக்குப் போகணுமா என்று கேட்பார்கள். ஊர்மேல் பாசம் உள்ளவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நெல்லையில் கடைக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. வெயிலில் வதங்காமல், வண்டிக்குப் பயந்து பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்காமல், ஒரு குடும்பம் ரெண்டு மணி நேரம் நடக்கவும் உட்காரவும் ஒரு இடம் இருக்கிறதா? அதற்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத்தான் மால் தீர்த்து வைக்கிறது.

கூரை போட்ட மால் என்ற ஒன்று எப்படி வந்தது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். விக்டர் குரூயன் வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர், யூதர். 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் தப்பித்து நியூயார்க் போனார். அமெரிக்கப் புறநகர்களில் வீடுகள் மட்டும் கிலோமீட்டர் கணக்கில் பரந்து கிடந்தன. ஆட்கள் கூடுவதற்கும் காலாற நடப்பதற்கும் பொது இடம் கிடையாது, எதற்கெடுத்தாலும் கார் வேண்டும். வியன்னாவின் காப்பிக் கடைகளையும் சதுக்கங்களையும் பார்த்து வளர்ந்தவருக்கு அது பொறுக்கவில்லை. மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய ஈடைனா என்ற ஊரில் அவர் வடிவமைத்த சவுத்டேல் 1956 அக்டோபர் 8 அன்று திறந்தது. முழுக்க மூடி, உள்ளே வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்த முதல் மால் என்று இதைத்தான் சொல்வார்கள்.

அந்தப் பக்கம் குளிர்காலம் ஆளை உறைய வைக்கும், கோடையும் லேசுப்பட்டதில்லை. வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி செய்தார்கள். 72 கடைகள் வந்தன. அதுவரை ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்த டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்ற இரண்டு பெரிய கடைகளும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. நடுவில் பெரிய முற்றம் விட்டு, மரங்கள் வைத்து, மீன் குளமும் பறவைக் கூண்டும் வைத்து, உட்கார வசதி செய்தார் குரூயன். அவருக்கு அந்த முற்றம்தான் முக்கியம். சுற்றிலும் வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, பூங்கா, ஏரி என்று ஒரு முழு ஊரையே அவர் மனதில் வைத்திருந்தார். கடைகள் அந்த ஊரின் ஒரு பகுதி மட்டுமே.

மற்றவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கடைகளையும் கார் பார்க்கிங்கையும்தான். கணக்கும் அதற்குத் தோதாக இருந்தது. 1954-ல் அமெரிக்க வரிச் சட்டம் மாறி, புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை, அதாவது பழசாகப் பழசாகக் குறைகிற மதிப்பை, முதல் சில வருடங்களிலேயே வருமானக் கணக்கில் அதிகமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வந்தது. கட்டினாலே வரி மிச்சம். ஊருக்கு வெளியே நிலம் மலிவு. ஆட்களை இழுக்கிற பெரிய கடைக்கு வாடகையில் சலுகை கொடுத்து மாலின் ஒரு முனையில் வைப்பார்கள். அந்தக் கடைக்கு நடந்து போகிறவர்கள் வழியில் பார்க்கிற சின்னக் கடைகளிடம் சதுர அடிக்கு அதிக வாடகை வாங்குவார்கள். இன்றைக்கும் மால் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. லூலுவில் அந்தப் பெரிய கடை அவர்களுடைய சொந்த ஹைப்பர் மார்க்கெட்டே. குரூயன் கடைசியில் வெறுத்துப்போய் வியன்னாவுக்கே திரும்பிவிட்டார். இந்த மால்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று 1978-ல் பொது மேடையிலேயே சொன்னார். 1980-ல் இறந்துபோனார். அவர் ஆசைப்பட்டதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்தியாவுக்கு இது வந்த கதையும் அப்படியொன்றும் அழகானதில்லை. சென்னையில் 1863-ல் தொடங்கிய ஸ்பென்சர் கடை, 1983 தீ விபத்துக்குப் பிறகு மாலாக எழுந்தது. நம் பக்கத்துக்காரர்கள் பலருக்கு அதுதான் முதல் எஸ்கலேட்டர். 1999-ல் டெல்லியில் அன்சல் பிளாசாவும் மும்பையில் கிராஸ்ரோட்ஸும் வந்தன. கிராஸ்ரோட்ஸில் ஆரம்பத்தில் கூட்டத்தைக் குறைக்க, கையில் செல்போனோ கிரெடிட் கார்டோ இருந்தால் சும்மா போகலாம், இல்லாவிட்டால் நுழைவுக் கட்டணம் என்று வைத்தார்கள். பொது இடம் போலத் தெரிகிற ஒன்று உண்மையில் யாருடையது என்பது அந்த வாசலிலேயே தெரிந்துவிட்டது. பிறகு சென்னையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, ஃபீனிக்ஸ், கோவையில் ப்ரூக்ஃபீல்ட்ஸ், மதுரையில் விஷால் என்று வரிசையாக வந்தன. கொச்சி லூலு 2013-ல் வந்தது, திருவனந்தபுரம் லூலு 2021 டிசம்பரில்.

சரி, நம் ஊருக்கு வருவோம். மால் என்ற பெயர் இல்லாமலேயே நெல்லை ஒரு பெரிய வட்டாரத்துக்குக் கடைத்தெருவாக இருந்திருக்கிறது. அம்பை, தென்காசி, சங்கரன்கோவில், நாங்குநேரி, திசையன்விளை என்று எந்தப் பக்கம் கல்யாணம் என்றாலும் ஜவுளி எடுக்க நெல்லைதான். போத்தீஸ் 1923-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கியது, ஆரெம்கேவி 1924-ல் நெல்லையில் தொடங்கியது. இரண்டும் நூறு வருடத்தைத் தாண்டிவிட்டன. சென்னை தி.நகருக்கே ஜவுளி விற்கக் கற்றுக்கொடுத்தது தெற்கத்திச் சீமை என்று நான் பெருமையாகவே சொல்வேன்.

அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மொத்தக் குடும்பமும் சம்மணம் போட்டு உட்காரும். கடைக்காரரும் உட்கார்ந்தபடியே சேலையை ஒவ்வொன்றாக விசிறிப் போடுவார். முந்தானை, உடல், பார்டர் என்று விரல் வைத்துக் காட்டுவார். நடுவில் குடிக்கக் கலர் வரும், பிள்ளைகளுக்குப் பன்னீர் சோடா வரும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உட்கார வைத்து அனுப்புவார்கள். மாடிமேல் மாடியாக, லிஃப்டும் எஸ்கலேட்டருமாக, ஏசி குளிர் தெருவரை வீச இன்றைய கடைகள் எழுந்தபோது காணாமல் போனது அந்த மெத்தைதான்.

என் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போன கடையின் பெயர் இங்கே வேண்டாம். முகூர்த்தச் சேலை மூன்றாவது மாடியில். ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை உண்டு. கவுண்டர் முன்னால் நின்று நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, செத்த நேரம் உக்கார ஒரு ஸ்டூல் கிடைக்குமா?" என்று விற்கிற பிள்ளையிடம் கேட்டாள். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பிள்ளைக்கு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்களுக்கே கிடையாது ஆச்சி" என்று சத்தமில்லாமல் சொல்லி, சேலை மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு, "இதுல உக்காருங்க, சூப்பர்வைசர் அண்ணன் வந்தா மட்டும் எந்திரிச்சிருங்க" என்றாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டதற்கு, அது ஸ்டாஃபுக்கு மட்டும், சாவி கீழே இருக்கிறது என்று பதில் வந்தது. கீழே போனால் சாவி வைத்திருக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். லட்சக்கணக்கில் ஜவுளி எடுத்த குடும்பம் பாத்ரூமுக்காக ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தது.

அதே ஆச்சி லூலுவுக்குப் போய்வந்து தெரு முழுக்கச் சொன்னது கடைகளைப் பற்றி இல்லை. "கழிப்பறை நம்ம வீட்டைவிடச் சுத்தமா இருக்கு. எத்தனை தடவை போனாலும் யாரும் காசு கேக்கல" என்றுதான் சொன்னாள். சர்க்கரை வியாதிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருகிற பெண்கள், மாதவிலக்கு நாட்களில் வெளியே வர வேண்டியிருக்கிறவர்கள், இவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

"ஏன், நெல்லையப்பர் கோயில் பிராகாரம் இல்லையா, குறுக்குத்துறை படித்துறை இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் சங்கிலி மண்டபத்துக் காற்று பிடிக்கும். ஆனால் வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் நடை சாத்தியிருக்கும். மேலப்பாளையத்து முஸ்லிம் அக்காவும் பாளையங்கோட்டை கிறிஸ்தவ டீச்சரம்மாவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொழுது கழிக்கக் கோயிலுக்கு வர முடியுமா? எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக ஓடி விளையாட எல்லாருக்கும் பொதுவாக ஒரு இடம் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை பொருட்காட்சியில் அது நடக்கிறது. மற்ற நாட்களில்?

அந்த விற்கிற பிள்ளை சொன்ன "எங்களுக்கே கிடையாது" என்பதையும் விட்டுவிட முடியாது. காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டே வேலை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்ணும் அவரோடு சேர்ந்த கடைத் தொழிலாளிப் பெண்களும் பல வருடம் போராடித்தான் 2018-ல் கேரளாவில் உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 2021-ல் நம் சட்டமன்றமும் 1947-ம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம் என்பது அதன் சாரம். சென்னையிலும் நெல்லையிலும் பெரிய கடைகளில் நிற்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் நம் கிராமங்களிலிருந்து போனவர்கள் போலத்தான் பேச்சு கேட்கிறது. இந்தச் சட்டத்தின் பலன் முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வர வேண்டும்.

ஆகவே மால் வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் நான்குவழிச் சாலை ஓரத்தில், கார் வைத்திருக்கிறவன் மட்டும் போகிற இடத்தில் வேண்டாம். சேரன்மகாதேவி பஸ்ஸில் வருகிறவரும் இறங்கி நடந்து போகிற தூரத்தில் வரட்டும். பெரிய பிராண்டுகளோடு டவுன் அல்வாக்கடைக்காரருக்கும், பத்தமடை பாய் நெய்கிறவருக்கும், காருக்குறிச்சி மண்பானைக்காரருக்கும் தாங்குகிற வாடகையில் இடம் கொடுக்கட்டும். செக்யூரிட்டி அண்ணாச்சி, வேட்டியும் ரப்பர் செருப்புமாக வருகிறவரை ஏற இறங்கப் பார்க்காமல் உள்ளே விடட்டும்.

மால் வருகிறதோ இல்லையோ, ரத வீதியில் நாலு இடத்தில் நிழலோடு பெஞ்சும், பெண்கள் நம்பிப் போகிற மாதிரி ஆள் போட்டுச் சுத்தம் செய்கிற கழிப்பறையும் வைக்க ஒரு முதலாளியும் தேவையில்லை. கோடை வந்தால் வானிலைச் செய்தியில் பாளையங்கோட்டை 100 டிகிரியைத் தாண்டியது என்று தவறாமல் வாசிக்கிறார்கள். அந்த வெயிலில் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் நம் வரி கட்டுகிற ஜனங்கள். அடுத்த வார்டு கூட்டத்தில் நான் கேட்கப்போவது இந்த ரெண்டும்தான், பெஞ்சும் கழிப்பறையும். டவுன்காரர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். தீபாவளி ஜவுளிக்குப் போகிறவர்கள், கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் கிடக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் பில் போடும்போது முதலாளி காதில் விழுகிற மாதிரி கேளுங்கள். அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டாம், திட்டு அவளுக்கு விழும்.