மாடியில் இரும்புப் பெட்டகம்: இது சரியல்ல

"கான்கிரீட் தளம் எவ்வளவும் தாங்கும், 600 கிலோ பெட்டகத்தை மாடியில் எங்கே வேணும்னாலும் வைக்கலாம்" என்று எழுதியிருக்கீங்க அண்ணாச்சி. அது தப்பு. வீட்டு அறைகளுக்கு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அதுவும் பரவலாக. இரண்டடிக்கு இரண்டடிப் பெட்டகம் அந்த 600 கிலோவையும் அரை சதுர மீட்டருக்குள்ளேயே இறக்கிவிடும். தளம் அதைக் கொஞ்சம் பரப்பும், உண்மைதான். ஆனால் அறை நடுவில் வைப்பது ஆபத்து. பீமுக்கு மேலே, சுவரோரம் வைப்பதையும் பொறியாளர் பார்த்துச் சொல்லணும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரை வீடென்றால் முதலில் கீழிருந்து தளத்தைப் பாருங்க. பூச்சு உப்பி, கம்பித் துரு தெரிந்தால் மாடியே வேண்டாம். மரத்தட்டு போட்ட பழைய ஓட்டு வீட்டுக்கும் அதேதான். தரைத்தளத்தில் வைங்க.