கறுப்புத் துகள் இருந்தாலே ரோமானிய ஜாடியா? உண்மை விளக்கம்

"பாலாற்றங்கரையில் கிடைக்கும் பானை ஓட்டில் கறுப்புத் துகள் தெரிந்தால் அது இத்தாலி எரிமலை மணல்; ஓடு ரோமானிய ஜாடியுடையது" என்று வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கம் வனைந்த மதுச்சாடிகளில் ஆகைட் என்ற கறுப்பு எரிமலைத் துகள் இருப்பது உண்மை. புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டிலும் அத்தகைய சாடிகள் கிடைத்தன. ஆனால் வட ஆற்காட்டு மலைகளில் சார்னோகைட் பாறை இருக்கிறதே! அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் வெறும் கண்ணுக்குக் கறுப்புதான்.

பிரித்தறிய, ஓட்டில் சிறு சில்லு வெட்டி, எப்பாக்ஸி பிசின் ஊற்றி இறுக்கி, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். முனைவாக்க நுண்ணோக்கியின் (ஒளியை ஒரே திசையில் அதிரவைத்துக் காட்டும் கருவி) மேடையைச் சுழற்றினால் ஹைப்பர்ஸ்தீன் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறும். ஆகைட்டில் இந்த மாற்றம் பெரும்பாலும் தெரியாது. தேய்ப்பு போதாவிட்டால், குறுக்கு முனைவாக்கத்தில் (ஒளியை வடிகட்டும் இரு தகடுகளையும் குறுக்காக வைத்துப் பார்க்கையில்) சாம்பலாகத் தெரிய வேண்டிய குவார்ட்ஸ் மஞ்சளடிக்கும். அங்கேதான் கனிமத்தை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒப்பிட, பாலாற்று மணலும் உள்ளூர் ஏரிக் களிமண்ணைச் சுட்ட சில்லும் கட்டாயம் வேண்டும். ஓட்டை அமிலத்தில் கழுவவே கழுவாதீர்கள். சுண்ணாம்புத் துகள் கரைந்து, ஒரு சான்றே போய்விடும்.