4.14 எப்படி 3 ஆனது?

ஏப்ரல் வந்தால் போதும், அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) சாஃப்ட்வேர் முன்னால் உட்கார்ந்து மொத்த ஆபீஸும் கட்டுரை எழுதுகிறது. "உங்கள் சாதனைகளை விவரிக்கவும்" என்று கேட்கும். நாலு வரி தாண்டினால் சிவப்பில் திட்டும். அப்புறம் எதற்கு விவரிக்கச் சொன்னாய்?

சரி, மார்க்காவது ஒழுங்காக வருமா? இலக்குகளுக்கு 70 சதவீதம், நடத்தைக்கு 30. எனக்கு இலக்கில் 4.2, நடத்தையில் 4. பெருக்கிக் கூட்டினால் 4.14. பள்ளிக்கூடக் கணக்கு. சாஃப்ட்வேரும் அதைத்தான் காட்டியது, பச்சை நிறத்தில், பக்கத்தில் நட்சத்திரம் வேறு. அப்புறம் எல்லோருடைய மார்க்கையும் ஒப்பிட்டுத் திருத்துகிற 'காலிப்ரேஷன்' என்று ஏதோ கூட்டம் நடந்ததாம். மறுநாள் பார்த்தால் 3. "எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்." யாருடைய எதிர்பார்ப்பை?

கேட்டால் பெல் கர்வ் என்கிறார்கள்; சிலர் மேலே, பலர் நடுவே, சிலர் கீழே என்று மார்க்கைப் பங்கு போடுவதாம். டீமில் இருப்பதே ஆறு பேர். ஆறு பேருக்கு என்னய்யா கர்வ்? யாராவது ஒருவர் கடைசியில் நின்றே ஆக வேண்டுமாம். புதிதாகச் சேர்ந்த பையனைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவன் லாகின் ஐடி வந்ததே பொங்கலுக்கு அப்புறம்தான்! மைக்ரோசாப்ட்டே இந்த வரிசைப்படுத்தும் வழக்கத்தை 2013-இல் தூக்கிப் போட்டுவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை போல.

முடிவு ஏற்கெனவே யாரோ ஒருவரின் எக்செல் ஷீட்டில் இருக்கிறது என்றால், இரண்டு தசமம் வரைக்கும் கணக்குப் போடுகிற நாடகம் எதற்கு? இன்க்ரிமென்ட் இவ்வளவுதான் என்று நேரடியாகச் சொல்லித் தொலைக்கலாமே!

இதில் "மதிப்பீட்டை ஏற்கிறேன்" என்று அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். "ஏற்கவில்லை" பட்டனும் இருக்கிறது. அழுத்தினால் மேலாளரிடம் பேசச் சொல்கிறது. மேலாளரோ, "சிஸ்டம்தான் போட்டது, நான் என்ன செய்ய?" என்கிறார்.