புது கார் போச்சுன்னா பில்லு தொகை வரணும், கேக்காமலே வரணும்

"பம்பர் டு பம்பர் போட்டாச்சுங்க, இனி கார் என்ன ஆனாலும் முழுசா வந்துடும்"னு புதுசா கார் எடுத்தவங்க சொல்றப்பல்லாம் எனக்கு வயித்தக் கலக்குது. வராதுங்க. பம்பர் டு பம்பர்னு சொல்ற ஜீரோ டெப் கவர், கார் இடிபட்டு ரிப்பேருக்குப் போறப்போ மாத்தற பார்ட்ஸுக்கு தேய்மானம் கழிக்காம தர்றதுக்கு மட்டும்தான். காரே திருடு போயிட்டாலோ, அடிபட்டு டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பண்றது கட்டுப்படியாகாதுன்னு, சேதத்த கணக்கு பாக்க வர்ற சர்வேயர் எழுதிட்டாலோ அந்தக் கவருக்கு அங்க வேலையே இல்ல. பாலிசி பேப்பர்ல ஐடிவின்னு, அதாவது உங்க காரோட மதிப்பு இவ்வளவுதான்னு, ஒரு தொகை போட்டிருக்கும் பாருங்க, அவ்வளவுதான் கிடைக்கும்.

அந்த ஐடிவி எப்படி வருதுன்னா, எக்ஸ் ஷோரூம் விலையில இருந்து காரோட வயசுக்கு ஏத்த மாதிரி கழிப்பாங்க. 6 மாசம் வரைக்கும் 5 சதவீதம், 6 மாசத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் 15, அடுத்த வருஷம் 20, அதுக்கடுத்து 30, அப்படியே போய் 5 வருஷத்துல பாதி. புது காருக்கு முதல் பாலிசி போடறப்பவே அந்த 5 சதவீதம் கழிஞ்சிடும், சாவி நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே. ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் செலவு, இன்சூரன்ஸுக்கு கட்டின காசு, இது எதுவும் ஐடிவில சேராது.

நம்ம தமிழ்நாட்டுல இது ரொம்ப வலிக்கும். 2023 நவம்பர்ல ஆயுள் வரிய ஏத்தினாங்க, 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும் விலை உள்ள காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல 20 சதவீதம். 12 லட்ச ரூபா கார் எடுக்கறவர் டாக்ஸா மட்டும் 2 லட்சத்துக்கு மேல கட்றார். அந்தக் கார் எட்டாவது மாசம் திருடு போச்சுன்னா ஐடிவி 11 லட்சத்து 40 ஆயிரம், பாலிசி போட்டப்ப 5 சதவீதம் கழிச்சு எழுதின அதே தொகைதான் அந்த வருஷம் முழுக்க. விலையில 60 ஆயிரம், டாக்ஸ் 2 லட்சத்து சொச்சம், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், சீட் கவர்ல இருந்து ஆண்ட்ராய்டு செட் வரைக்கும் போட்ட காசு எல்லாம் போச்சு. அதே காரை திரும்ப எடுக்கணும்னா கையில இருந்து 3 லட்சமாச்சும் போடணும். ரெண்டாவது வருஷத்துல, 20 சதவீதம் கழிஞ்ச பிறகு போச்சுன்னா பள்ளம் நாலரை லட்சத்தையும் தாண்டிடும்.

எங்க சித்தப்பா பையனுக்கு இதுதான் நடந்தது. மேல்மருவத்தூர் பக்கம் நின்னுட்டிருந்த லாரி மேல பின்னால போய் மோதி, ஆண்டவன் புண்ணியத்துல ஏர்பேக் காப்பாத்திச்சு, ஆனா கார் முன்பக்கம் மொத்தமா உள்ள போயிடுச்சு. டோட்டல் லாஸ். இன்சூரன்ஸ் பணம் நேரா பேங்குக்குத்தான் போகும், ஏன்னா ஆர்சியிலயும் பாலிசியிலயும் பேங்க் பேர் ஏறியிருக்கும். அவன் ஆன் ரோடு விலைக்கே முழுசா லோன் போட்டிருந்தான். பணம் வந்து லோன்ல கழிச்ச பிறகும் பாக்கி நின்னுச்சு. கார் இல்ல, கடன் இருக்கு. வீட்டுல அந்த நேரத்துல அவன் முகத்தப் பாத்தவன் நான், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

இதுக்கு கவர் இல்லாம இல்ல. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு, சுருக்கமா ஆர்டிஐன்னு சொல்லுவாங்க, பாலிசியோட கூடுதலா காசு கட்டி சேத்துக்கற ஒரு ஆட் ஆன். கார் திருடு போனாலோ டோட்டல் லாஸ் ஆனாலோ ஐடிவிக்கும் நீங்க கட்டின பில்லுக்கும் உள்ள வித்தியாசத்த தரும், பல கம்பெனில ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷனும் சேத்தே தருவாங்க. பெரும்பாலும் 3 வயசு வரைக்கும் உள்ள காருக்கு கிடைக்கும், ஒரு வருஷத்துக்கு சில ஆயிரம்தான் ஆகும். ஷோரூம்ல டெஃப்ளான் கோட்டிங்க பத்தி அரை மணி நேரம் பேசறவங்க இந்த ஒரு வரிய சொல்றதில்ல. வெளிய போட்டா கம்மியா வருதேன்னு ஆன்லைன்ல பாத்தா, அங்க பிரீமியம் குறைச்சலா தெரியறதுக்காக ஐடிவியையே இறக்கி வச்சிருப்பாங்க சில நேரம். நாம ரெண்டாயிரம் மிச்சம்னு சந்தோஷப்பட்டு அதத்தான் எடுக்கறோம்.

என் கருத்து ஒண்ணுதான். முதல் ரெண்டு வருஷமாச்சும் இந்தக் கவர் பாலிசியோடயே வரணும். வேணாம்னா வாங்கறவர் எழுதிக் கொடுத்துட்டு விலகட்டும். இப்ப இருக்கறது தலைகீழ், தெரிஞ்சவனுக்கு மட்டும் கிடைக்குது, தெரியாதவன் போண்டியாகறான். இங்கிலாந்துல நம்ம காருக்கும் சேத்து கவர் தர்ற நிறைய காம்ப்ரிஹென்சிவ் பாலிசில முதல் வருஷத்துக்குள்ள கார் போச்சுன்னா புது காரே தர்றது பாலிசிக்குள்ளயே இருக்கு. அங்க முடியறது இங்க முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியல. இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ நினைச்சா ஒரு சர்க்குலர்ல முடிச்சிடலாம்.

இன்னொரு விஷயம் 75 சதவீதக் கணக்கு. ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்த தாண்டினாதான் டோட்டல் லாஸ். 11.40 லட்சம் ஐடிவின்னா 8.55 லட்சத்த தாண்டணும். எஸ்டிமேட் 8 லட்சத்துல நின்னுட்டா சேஸிஸ் வரைக்கும் அடிவாங்கின காரை வெல்டு பண்ணி உங்க கையிலயே கொடுத்துடுவாங்க. பெரும்பாலும் அதையேதான் ஓட்டணும். அதனால ஒர்க்‌ஷாப்ல எஸ்டிமேட் போடறப்ப பக்கத்துல நின்னு பாருங்க, மறைஞ்சிருக்கற டேமேஜ் எல்லாம் பிரிச்சுப் பாத்து எழுதச் சொல்லுங்க. மழை வெள்ளத்துக்கும் இதேதான். வேளச்சேரிக்காரங்க மழை எச்சரிக்கை வந்ததும் காரை ஃப்ளைஓவர் மேல கொண்டு போய் நிறுத்தறாங்களே, அதை யாரும் கிண்டல் பண்ணாதீங்க, 2015ல முங்கின காருக்கு அலைஞ்சவங்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். தண்ணி புகுந்த காரை ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் இல்லன்னா இன்ஜின் செலவு உங்க தலையிலதான்.

திருட்டுன்னா கதை இன்னும் நீளம். எஃப்ஐஆர், கோர்ட்ல போலீஸ் போடற ஃபைனல் ரிப்போர்ட், ரெண்டு சாவி, ஒரிஜினல் ஆர்சி, வண்டிய பேர் மாத்தித் தர்றதுக்கான ஃபார்ம் 28, 29, 30, ஆட்சேபணை இல்லன்னு பேங்க் தர்ற என்ஓசி. கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் எழுதித் தர்ற வரைக்கும் மாசக்கணக்கா காத்திருக்கணும், அது வரைக்கும் இஎம்ஐ நிக்காது, கட்டலன்னா கடன ஒழுங்கா கட்டறோமான்னு பாக்கற சிபில் ஸ்கோர் அடிவாங்கும். கம்பெனிக்கு லேட்டா சொன்னீங்கன்னு கிளெய்ம தள்ளினா பயப்படாதீங்க, போலீஸ்ல உடனே புகார் கொடுத்திருந்தா கம்பெனிக்கு லேட்டா சொன்னத மட்டும் காரணமா வச்சு மறுக்கக்கூடாதுன்னு 2020 ஜனவரில சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதி பெஞ்ச் தெளிவா சொல்லியிருக்கு.

ஆனா அதே சுப்ரீம் கோர்ட் 2021 செப்டம்பர்ல சொன்ன இன்னொரு தீர்ப்ப புது கார் எடுக்கற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்கணும். ராஜஸ்தான்காரர் ஒருத்தர் புது பொலேரோ எடுத்திருக்கார், டெம்பரரி ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சு பத்து நாள்கூட ஆகல, 2011 ஜூலைல ஜோத்பூர்ல ராத்திரி வண்டி திருடு போச்சு. கன்ஸ்யூமர் கமிஷன்ல ஜெயிச்சு வந்தவருக்கு கடைசில ஒண்ணும் கிடைக்கல, ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டிய வெளிய எடுத்துட்டுப் போனதே பாலிசி மீறல்னு முடிச்சிட்டாங்க. சட்டப்படி சரியா இருக்கலாம், எனக்கு மனசு ஒப்பல. ஃபேன்சி நம்பருக்காக ரிஜிஸ்ட்ரேஷன இழுத்தடிக்கறவங்க இத மனசுல வைங்க.

அதே மாதிரி 2018 செப்டம்பர்ல இருந்து புது காருக்கு தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம கார் மோதி அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கான கவர், 3 வருஷத்துக்கு சேத்து போடறாங்கல்ல, அதைப் பாத்துட்டு 3 வருஷம் இன்சூரன்ஸ் இருக்குன்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க. நம்ம காருக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருஷம்தான் இருக்கும். அதை ரினியூ பண்ணாம விட்ட காலத்துல கார் திருடு போனா ஐடிவி கூட கிடையாது.

கிளெய்ம் குறைச்சுட்டாங்க, மறுத்துட்டாங்கன்னா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க, 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா சென்னைல இருக்கற, இன்சூரன்ஸ் புகார்கள விசாரிக்கற ஆம்பட்ஸ்மேனுக்குப் போங்க. வக்கீல் வேணாம், ஃபீஸ் கிடையாது, 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இருக்கு.

இதைப் படிக்கறவங்க வீட்டுல மூணு வயசுக்குள்ள கார் இருந்தா இன்னைக்கே பாலிசி பிடிஎஃப் திறந்து ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா நடுவுல பொதுவா சேக்க மாட்டாங்க, ரினியூவல் தேதிய குறிச்சு வச்சுக்கிட்டு அப்ப கேட்டு வாங்குங்க.