கோரே தீவின் ‘திரும்பி வராத கதவு’: 2 கோடிக் கணக்கு தவறு

செனகலின் டக்கார் கரைக்கு எதிரே உள்ள கோரே தீவின் ‘அடிமைகள் இல்லம்’ படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: “இந்த ஒற்றைக் கதவு வழியாக 2 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டனர்.”

எண் தவறு. அட்லாண்டிக் அடிமை வணிகம் முழுவதிலும் கப்பலேற்றப்பட்டவர்களே சுமார் 1.25 கோடி, உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. ஒரு வீட்டின் கணக்கு மொத்தக் கணக்கைவிடப் பெரிதாக இருக்க முடியாதல்லவா? கோரே தீவு முழுவதற்கும் ஆய்வாளர்கள் தரும் எண் ஏறத்தாழ 33 ஆயிரம். அங்கோலாவின் லுவாண்டா, பெனினின் விடா (Ouidah) துறைமுகங்களின் பங்கு இதைவிடப் பன்மடங்கு.

கதவிலும் சிக்கல் இருக்கிறது. வீடு கட்டப்பட்டது 1776 வாக்கில், அதாவது வணிகத்தின் பிற்பகுதியில். கதவுக்கு வெளியே பாறைகள். பெரிய கப்பல் அங்கே அணைய வழியில்லை. 1995இல் வரலாற்றாசிரியர் ஃபிலிப் கர்ட்டின் இதைப் பொதுவெளியில் எழுப்பியபோது பெரிய சர்ச்சையே வெடித்தது. இல்லத்தின் காப்பாளர் புபக்கர் ஜோசப் ந்தியாய் பல ஆண்டுகளாகப் பயணிகளிடம் சொல்லிவந்த கதைதான் கோடிக் கணக்கைப் பரப்பியது.

இதை வைத்து “எல்லாமே கட்டுக்கதை” என்று எழுதுவதும் பொய். தீவில் அடிமைகள் அடைக்கப்பட்டதும் விற்கப்பட்டதும் உண்மை. யுனெஸ்கோ 1978இல் தீவைப் பாரம்பரியக் களமாக அறிவித்தது; இல்லம் இன்று நினைவிடமாகவே மதிக்கப்படுகிறது.

சரிபார்க்க ‘ஸ்லேவ் வாயேஜஸ்’ தளம் போதும், இலவசம். சுமார் 36 ஆயிரம் கப்பல் பயணங்களின் பதிவுகள் உள்ளன. ஏற்றப்பட்ட இடமாகக் கோரேயைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பதிவான பயணங்களின் எண்ணிக்கை வேறு, மொத்த மதிப்பீடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த எண்களைக் கொடுங்கள்.