ஒரே ஆட்டத்தில் தொங்கிய 21 மாதங்கள்

தென்கொரியக் கால்பந்து வீரர் சன் ஹியூங்-மின் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர், "பத்து வருஷம் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்பில் ஆடி ஒரே ஒரு கோப்பைதானே?" என்று ஆரம்பித்துவிடுகிறார். போன வாரம் நண்பர் ஒருவரோடு இதே வாக்குவாதம். அன்றைக்குச் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். கொரியாவிலிருந்து வெளிநாடு போய் ஆடுகிறவரைக் கோப்பைக் கணக்கை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. கூட ஆடும் பிரேசில்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் இல்லாத ஒரு கெடு அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தென்கொரியாவில் உடல்தகுதி உள்ள ஆண்கள் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும். சன் விஷயத்தில் அது ஏறக்குறைய 21 மாதம். விளையாட்டு வீரர்கள் விலக்குப் பெற இரண்டே வழிதான். ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம், இல்லையென்றால் ஆசிய விளையாட்டில் தங்கம். ஐரோப்பிய லீக்கில் நூறு கோல் அடித்தாலும் அதற்கு அங்கே மதிப்பில்லை.

2014ல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கொரியா தங்கம் வென்றது. அணியில் சன் இல்லை, அவர் அப்போது ஆடிய ஜெர்மனியின் லெவர்குசன் கிளப் விடவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் காலிறுதியில் ஹோண்டுராஸிடம் 0-1. ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே விழுந்து அழுதார். ஒரு தோல்விக்கு இவ்வளவு அழுகையா என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு அப்போது இந்தச் சட்டம் பற்றித் தெரியாது.

அப்புறம் 2018 செப்டம்பர் 1. இந்தோனேசியாவில் ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டி, எதிரே ஜப்பான். சன்னுக்கு வயது 26, அவருக்கு இது கிட்டத்தட்ட கடைசி வாய்ப்பு. 90 நிமிடம் கோலே இல்லை. கூடுதல் நேரம் தொடங்கியதும் சன் பெனால்டி பெட்டிக்குள் பந்தை உருட்டிக்கொண்டு போகிறார். பின்னாலிருந்து ஓடிவந்த 20 வயது லீ சுங்-வூ "விலகுங்க, விலகுங்க" என்று கத்துகிறான். வாழ்க்கையே அந்தப் பந்தில் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் தானே அடித்துப் பார்த்திருப்பார். சன் விலகிவிட்டார். லீ இடது காலால் மேலே தூக்கி அடித்தான், கோல்! சில நிமிடங்களில் சன் கொடுத்த ஃப்ரீ கிக்கை ஹ்வாங் ஹீ-சான் தலையால் முட்டி 2-0. 115வது நிமிடத்தில் ஜப்பான் ஒன்றைத் திருப்பியது. மிச்சமிருந்த நிமிடங்களை நான் நின்றுகொண்டேதான் பார்த்தேன்.

இறுதிப்போட்டியில் அவர் கோல் அடிக்கவில்லை, இரண்டையும் அடிக்கவைத்தார். அவரை யாரென்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். அணியிலிருந்த 20 பேருக்கும் விலக்குக் கிடைத்தது. விலக்கு என்றாலும் முழு விடுதலை கிடையாது. 2020ல் ஜேஜு தீவில் கடற்படையின் மரைன் பிரிவினரோடு மூன்று வாரப் பயிற்சி முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தார்.

சரி, அந்த ஆட்டம் தோற்றிருந்தால்? 28 வயதை ஒட்டிப் பட்டாளம் போயிருப்பார். 23 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி விருதை லிவர்பூலின் சலாவோடு பகிர்ந்துகொண்ட 2021-22 சீசன் அந்த 21 மாதத்துக்குள்தான் விழுந்திருக்கும். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் அந்த விருதை வாங்கிய முதல் ஆசியர் அவர்தான். அந்த 23ல் ஒன்றுகூட பெனால்டி இல்லை.

இது சன்னோடு தொடங்கிய கதையும் இல்லை. 1978 டிசம்பரில் இன்னொரு கொரிய வீரர் சா பும்-குன் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். விமானப்படைச் சேவை பாக்கி இருந்ததால் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அதை முடித்துவிட்டு 1979ல் ஃபிராங்க்ஃபர்ட் அணிக்கு வந்தவர், அடுத்த வருடமே ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பை வென்றார். பிறகு லெவர்குசனுக்காக 1988ல் இன்னொன்று. ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டஸ்லிகாவில் 98 கோல். நடுவில் போன அந்த மாதங்களை எந்தப் புள்ளிவிவரத்திலும் பார்க்க முடியாது.

பட்டாளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடக்கே இருக்கும் எல்லையோடு வாழ்கிறவர்கள் அவர்கள், அதன் அவசியம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதனின் இரண்டு வருடத்தை ஒரே மாலை ஆட்டத்தில், ஒரு ஆஃப்சைடு கொடியில் தொங்கவிடுவது எனக்கு நியாயமாகவே படவில்லை. போக வேண்டிய வயதைத் தள்ளிவைத்து, ஆடி முடித்த பிறகு சேவை செய்யவிடலாமே?

2025 மே 21, பில்பாவோ. மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று டாட்டன்ஹாம் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக்கைக் கைப்பற்றியது. 17 வருடத்தில் அந்த கிளப்புக்கு முதல் கோப்பை. காயத்திலிருந்து திரும்பியிருந்த கேப்டன் சன் இரண்டாம் பாதியில்தான் உள்ளே வந்தார். விசில் ஊதியதும் ரியோவில் அழுத மாதிரியே அழுதார். பிறகு இடுப்பில் கொரியக் கொடியைச் சுற்றிக்கொண்டு கோப்பையைத் தூக்கினார்.