சொந்தப் பாட்டு இல்லாதவர்

எங்கள் ஊர் இசைக்கோஷ்டிப் பாடகர் அண்ணைக்கு வெள்ளிக்கிழமை நடந்த பாராட்டு விழாவைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாட்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம் எல்லாம் முறையாகத்தான் நடந்தன. வாழ்த்துரை வழங்க வந்த தம்பி சொன்ன ஒரு வாக்கியம்தான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. "சொந்தமாக ஒரு பாட்டுக்கூட இல்லாவிட்டாலும், மற்றவர்களின் பாடல்களை நகல் எடுத்துப் பாடி நாற்பத்தைந்து ஆண்டுகளாக எங்களை மகிழ்வித்தவர்." சபை கைதட்டியது. அண்ணை எழுந்து கைகூப்பினார். முன்வரிசையில் இருந்த அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அது காணொளியில் இல்லை. நான் இரண்டாம் வரிசையில் இருந்ததால் பார்த்தேன்.

தம்பி கெட்டவர் அல்லர். புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. திட்டியிருந்தால் அவர் ஒருவரோடு போயிருக்கும். கைதட்டிய அத்தனை பேரும் அப்படித்தான் நினைக்கிறோம் என்பது அன்று வெளியே வந்துவிட்டது.

நகல் என்றால் என்ன? எங்கள் கோயில்களில் பூசை முடிந்ததும் பஞ்சபுராணம் பாடுகிறார்கள். தேவாரம் பாடுகிறவர் சம்பந்தர் இல்லை. திருவாசகம் பாடுகிறவர் மாணிக்கவாசகர் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் பாட்டை இன்னொருவர் வாயால் கேட்டுத்தான் உருகிக்கொண்டிருக்கிறோம். அவரிடம் போய், "உங்களுக்குச் சொந்தப் பாட்டு ஏதும் உண்டா?" என்று யாராவது கேட்டதுண்டா? தியாகராசரின் கீர்த்தனையை நூறு வித்துவான்கள் பாடுகிறார்கள். யார் எப்படிப் பாடினார் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அங்கே நகல் என்ற சொல் எழுவதே இல்லை. பூங்காவனத் திருவிழாவில், கோயில் வீதியில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சினிமாப் பாட்டுப் பாடுகிற மனிதனுக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

நான் அவரை முதலில் கேட்டது எண்பதுகளின் தொடக்கத்தில். அம்மம்மாவின் மடியில் தலை, கையில் கச்சான் சரை. கோஷ்டி தொடங்கும்போது சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒன்று. பிறகு சனம் கேட்டுக் கேட்டு வாங்கும் "பாட்டும் நானே". 1965இல் வந்த திருவிளையாடலில் டி.எம்.சௌந்தரராஜன் பாடியது, கே.வி.மகாதேவனின் இசை, கௌரிமனோகரி ராகம். படத்தில் சிவாஜி கணேசனே பல உருவாகி வீணையும் குழலும் மிருதங்கமும் வாசிப்பார். அண்ணையின் கோஷ்டியில் வீணைக்கு எங்கே போவது? ஓர் ஆர்மோனியமும் தபேலாவும் டோலக்கும்தான். வீணை வரவேண்டிய இடத்தைத் தன் வாயால் சுரம் பாடி நிரப்புவார். குழல் வரவேண்டிய இடத்தில் குரலை மெலிதாக்கி ஓர் அகாரம். அதைப் படத்தில் தேடினால் கிடைக்காது. அது அவர் செய்தது. அதற்கு உங்கள் அகராதியில் என்ன பெயர், தம்பி?

இனி நான் சொல்வதை 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். போரால் அந்த ஆண்டு நடுவில் போன மின்சாரம் பல ஆண்டுகளுக்குத் திரும்பவில்லை. பற்றரிக்குத் தடை. மண்ணெண்ணெய் பொன் விலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். 1993இல் அக்காவுக்குக் கலியாணம். ஐயாவும் அண்ணையும் சிறுவயதுத் தோழர்கள். கிளாலிக் கடல் கடந்து வந்த உறவினர் ஒருவர் மாப்பிள்ளைக்கென்று ஒரு கசெற் கொண்டுவந்திருந்தார். ரோஜா. ஏ.ஆர்.ரகுமானின் முதல் படம். தமிழ்நாட்டில் வெளியாகி ஓராண்டு ஆகியிருந்தது. அதிலிருந்து ஒரு பாட்டு வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். அண்ணை இரண்டு இரவுகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து "காதல் ரோஜாவே"யைப் பாடமாக்கினார்.

சைக்கிள் மிதியைச் சுற்றியவன் நான்.

கை களைத்துவிட்டால் பாட்டு இழுபடும். சுருதி இறங்கும். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் வேகமாக, தம்பி" என்பார். வேகமாகச் சுற்றினால் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் சிறுபிள்ளைக் குரலில் பாடுவார். உண்மையான சுருதி எது, உண்மையான தாளம் எது என்று அந்தக் கசெற்றால் யாருக்கும் சொல்ல முடியாது. இழுபட்டதற்கும் ஓடியதற்கும் நடுவில் எங்கோ இருந்த பாட்டை அவர் தேடிப் பிடித்தார். நகல் எடுப்பதற்கு முன்னால் ஒழுங்கான மூலம் ஒன்று வேண்டாமா?

கலியாண இரவு, பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில், ஒலிபெருக்கி இல்லாமல், முற்றத்தில் நின்று பாடினார். புதிய ஒலி என்று உலகம் பேசிய அந்த இசையில் ஒரு துளியும் எங்களிடம் இல்லை. ஆர்மோனியமும் அந்தக் குரலும்தான். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து நின்றார்.

1997இல் கொழும்பு போனேன். வெள்ளவத்தையில் ஒரு கசெற் கடை வாசலில் அதே பாட்டு, முழு இசையோடு, சரியான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்டேன். எஸ்.பி.பி.யின் குரலைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் எனக்கு உள்ளே எழுந்த எண்ணம் இதுதான்: எங்கள் அண்ணையின் பாட்டை யாரோ வேறு மாதிரிப் பாடுகிறார்கள். எனக்கு மட்டும் இப்படி என்று நினைத்திருந்தேன். பின்னர் என் வயதுக்காரர் எத்தனையோ பேர் இதையே சொல்லக் கேட்டேன். ஊருக்கு ஊர் பாடகரின் பெயர்தான் வேறு. எங்களுக்கு முதலில் வந்து சேர்ந்த குரல் அவர்களுடையது. எங்களுக்கு அதுதான் மூலம்.

இப்போது சிலர் வருவார்கள். பாட்டை எழுதிய கவிஞருக்கும் இசையமைத்தவருக்கும் என்ன மரியாதை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அண்ணை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர் என்று நான்கையும் சொல்லாமல் வாய் திறந்ததில்லை.

கரோக்கி போட்டுப் பாடுகிறவர்கள் எல்லோரும் அப்போது கலைஞர்களா என்று இன்னொருவர் கேட்பார். அந்தக் கேள்வியையே நான் திருப்பிக் கேட்கிறேன். இன்று எங்கள் பிள்ளைகள் ஒரு பழைய பாட்டை எடுத்து, கிற்றாரோடு மெதுவாகப் பாடி யூடியூபில் போடுகிறார்கள். அதற்குக் 'கவர்' என்று பெயர். நன்றாகத்தான் பாடுகிறார்கள், நானும் பகிர்கிறேன். அவர்கள் செய்தால் கவர், அண்ணை செய்தால் நகல். எப்படி? என் மகள் ஒருநாள் ஜானி கேஷ் பாடிய "ஹர்ட்" என்ற பாட்டைக் கேட்க வைத்தாள். 1994இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற குழுவின் பாட்டு. எழுபது வயதில், உடல் தளர்ந்த நிலையில், 2002இல் கேஷ் அதைப் பாடினார். இளைஞன் ஒருவனின் வேதனை, வாழ்ந்து முடித்த மனிதனின் கணக்காக மாறிவிட்டது. ஓடிஸ் ரெடிங் 1965இல் பாடிய "ரெஸ்பெக்ட்"டை 1967இல் அரேதா ஃபிராங்க்ளின் பாடினார். வீட்டுக்கு வரும் ஆண் கேட்ட மரியாதையை ஒரு பெண் கேட்டதும் பாட்டின் பொருளே புரண்டுவிட்டது. அவர்களை உலகம் நகல் என்று சொல்லவில்லை. அவ்வளவு தூரம் ஏன்? டி.எம்.எஸ். 1950இல் கிருஷ்ண விஜயத்தில் முதன்முதலாகப் பாடியபோது தியாகராஜ பாகவதரின் பாணியில்தான் பாடினார். அந்த டி.எம்.எஸ்.ஸை அண்ணை பாடினால் குற்றமா?

மூன்றாவது கேள்விதான் என்னைச் சுடுகிறது. நண்பர் ஒருவர் நேற்றே எழுதிவிட்டார்: தமிழ்நாட்டுச் சினிமாவின் நிழலில் கிடந்ததால்தான் எங்கள் மண்ணுக்கென்று ஒரு பாட்டு மரபு வளரவில்லையாம், அதற்கு இந்தக் கோஷ்டிகளும் பொறுப்பாம். நண்பரே, அண்ணையிடம் சொந்தப் பாட்டுகள் இருந்தன. ஐயாவே இரண்டு எழுதிக் கொடுத்தார். மேடையில் பாடத் தொடங்கினால் உபயகாரர் துண்டுச் சீட்டு அனுப்புவார், எம்.ஜி.ஆர். பாட்டுப் பாடச் சொல்லி. பதிவு செய்யலாம் என்றால் எங்கே செய்வது? மின்குமிழே எரியாத ஊரில் எந்த ஒலிப்பதிவுக் கூடம் இயங்கியது? 1980களில் பதிந்த ஒரேயொரு கசெற் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அது வீட்டோடு போயிற்று. அண்ணை சைக்கிளில் கட்டியது ஆர்மோனியத்தை மட்டும்தான். பாதுகாக்க வேண்டிய நாங்கள் ஒன்றையும் பாதுகாக்கவில்லை. பிறகு மேடையேறி, சொந்தப் பாட்டு எங்கே என்று அவரிடமே கேட்கிறோம். இந்தியாவிலிருந்து பாடகர் வந்தால் முதல் வரிசைக்கு இலட்சம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். அவர் வந்து சேரும்வரை நேரம் போக்க எங்கள் பாடகர்களைக் கூப்பிடுகிறோம். பாதிப் பாட்டில் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு இறங்கச் சொன்னதையும் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுத எழுத எங்கேயோ போகிறேன். போகட்டும், இதுவும் அதே காயம்தான்.

அந்த இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்தோம். மழை. எங்களோடு வந்த முதியவர் ஒருவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். பறை இல்லை, பந்தல் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். இரவில் யாரோ மெல்ல, "ஏதாவது பாடுங்கள், அண்ணை" என்றார்கள். தேவாரம் பாடினார். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ளத்தில் நல்ல உள்ளம்" பாடினார். 1964இல் வந்த கர்ணனில் சீர்காழி பாடியது, சக்கரவாகம். சீர்காழியின் குரல் வானத்தில் நிற்கும். அண்ணை அன்று இரண்டு கட்டை இறக்கி, தாளம் இல்லாமல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பாடினார். அந்தப் பாட்டு விழுந்து கிடந்த கர்ணனுக்காக எழுதப்பட்டது. அன்று இரவு அது பாயில் கிடந்த அந்த மனிதருக்குச் சொந்தமாக இருந்தது. அங்கே இருந்தவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அது நகல் என்று சொல்லிப் பாருங்கள்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அந்த வாக்கியம் வாழ்த்துரையோடு நிற்கவில்லை, விழா மலரின் ஏழாம் பக்கத்திலும் அச்சாகியிருக்கிறது. இணையத்தில் ஏற்றும் பிரதியிலாவது அதை எடுத்துவிடுங்கள். தம்பி இதை வாசித்தால் என்னோடு கோபிக்க வேண்டாம். ஒருநாள் மாலை என்னோடு அண்ணையின் வீட்டுக்கு வாருங்கள். அந்த ஆர்மோனியம் இன்னும் இருக்கிறது.

அன்று இரவு அவர்களை நான்தான் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணையின் மனைவி பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். வீடு வரும்வரை அந்தப் பேச்சைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. படலையடியில் இறங்கிய பிறகு அண்ணை கேட்டார், ஏற்புரைக்குப் பதிலாகப் பாடியபோது மேல் சட்சத்தில் குரல் நழுவியதைக் கவனித்தாயா என்று. இல்லை என்றேன். "நழுவியது" என்றார். "வருகிற பூங்காவனத்துக்கு அரைக் கட்டை இறக்க வேண்டும்."